அதிர்ஷ்ட சைகைகளும் சொற்களும்: அவற்றின் பூர்வீகத்தை நீங்களே தேடிக் கண்டுபிடிப்பது எப்படி

விரல் மேல் விரலைப் போட்டுப் பின்னிக்கொள்வது, மரத்தைத் தட்டுவது, தும்மியவரை வாழ்த்துவது, மேடையேறப் போகிறவரிடம் 'காலை உடைத்துக்கொள்' என்பது. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகக் கதை எப்படியும் உங்கள் காதுக்கு வந்திருக்கும். ரோமாபுரியில் ஒளிந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள், மரத்துக்குள் குடியிருந்த தேவதைகள், கொள்ளைநோய், லிங்கனைச் சுட்ட கொலைகாரன் என்று கதைகள் எல்லாம் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றில் பல, பழக்கம் தோன்றி வெகுகாலம் ஆன பிறகு யாரோ கட்டிச் சேர்த்தவை. சில கதைகள் ஒரே ஒரு தேதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாலே விழுந்துவிடும்.

எது நிஜம், எது கட்டியது என்று பார்க்க நீங்கள் ஆய்வாளராக இருக்க வேண்டியதில்லை. சில கேள்விகளை வரிசை தப்பாமல் கேட்கத் தெரிந்தால் போதும். அப்படித் தேடிப் போகும்போது கிடைக்கிற விஷயம் பெரும்பாலும் அந்தக் கதையைவிட நன்றாக இருக்கிறது, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில், செய்கையைப் பிரித்து எழுதுங்கள்

'விரல் பின்னுவது எங்கிருந்து வந்தது' என்று மொத்தமாகத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் மட்டுமே அதற்கு மூன்று வேலைகள் உண்டு. நினைத்தது நடக்கட்டும் என்று பின்னுவது ஒன்று. முதுகுக்குப் பின்னால் ஒளித்துப் பின்னிக்கொண்டு பொய் சொன்னால் அந்தப் பொய் கணக்கில் வராது என்பது இன்னொன்று. ஓடிப்பிடித்து விளையாடும்போது பின்னிக் காட்டினால், 'நான் இப்போது ஆட்டத்தில் இல்லை, என்னைத் தொடக் கூடாது' என்று பொருள், இது மூன்றாவது. பிரிட்டனின் பள்ளிப் பிள்ளைகளிடம் பல ஆண்டுகள் கேட்டுத் தொகுத்த அயோனா ஓபி, பீட்டர் ஓபி தம்பதி 1959இல் வெளியிட்ட நூலில் இந்த மூன்றாவது வழக்கமும் பதிவாகியிருக்கிறது. மூன்றும் ஒரே வேரிலிருந்துதான் முளைத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

அதனால் தேட ஆரம்பிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த விரல், எந்தக் கை, காட்டிச் செய்வதா மறைத்துச் செய்வதா, யார் செய்கிறார்கள், எந்த நேரத்தில், வாயால் என்ன சொல்கிறார்கள், எதிரில் இருப்பவர் பதில் சொல்ல வேண்டுமா கூடாதா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் பொருள் பாதி அதில்தான் இருக்கிறது. இத்தாலியில் 'ஓநாயின் வாய்க்குள் போ' என்று வாழ்த்தினால் 'ஓநாய் சாகட்டும்' என்று பதில் வர வேண்டும். ரஷ்யாவில் 'இறகும் வேண்டாம், தூவியும் வேண்டாம்' என்று வாழ்த்தினால் 'பிசாசிடம் போ' என்பதுதான் சரியான பதில். இரண்டு இடத்திலும் வெறும் நன்றி சொன்னால் வாழ்த்து பலிக்காது என்று நினைக்கிறவர்கள் ஏராளம்.

பிறகு தேதி

இதுதான் முழு வேலையின் முதுகெலும்பு. இந்தச் செய்கை அல்லது சொல், எழுத்தில் முதன்முதலாக எப்போது வருகிறது? பூர்வீகக் கதை எந்த ஆண்டில் நடந்ததாகச் சொல்கிறார்கள்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

தும்மலை எடுத்துக்கொள்வோம். 590இல் ரோமில் கொள்ளைநோய் பரவியது, அதே ஆண்டு போப்பாக வந்த முதலாம் கிரிகோரி, தும்முகிறவரைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லுமாறு கட்டளையிட்டார், அன்றிலிருந்து வந்தது இந்தப் பழக்கம் என்கிறார்கள். கொள்ளைநோய் நிஜம், கிரிகோரிக்கு முன்பிருந்த போப் இரண்டாம் பெலாஜியஸ் அதில்தான் இறந்தார், கிரிகோரி ஊர்வலங்கள் நடத்தியதும் நிஜம். ஆனால் 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன ரோம எழுத்தாளர் மூத்த பிளினி, தன் 'இயற்கை வரலாறு' நூலில் 'தும்முகிறவர்களை நாம் ஏன் வாழ்த்துகிறோம்?' என்று கேட்டு வைத்திருக்கிறார். பேரரசர் திபேரியஸ், எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனிதர், அவர்கூட வண்டியில் போகும்போது தும்மினால் வாழ்த்த வேண்டும் என்று எதிர்பார்த்தாராம். அதாவது கிரிகோரிக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே, படித்த ஒரு ரோமருக்கே காரணம் புரியாத அளவுக்கு இந்தப் பழக்கம் பழசாகியிருந்தது.

இன்னும் பின்னால் போனால் தும்மலே ஒரு நல்ல சகுனம். பாரசீகத்தில் சிக்கிக்கொண்ட கிரேக்கப் படை கிமு 401இல் என்ன செய்வது என்று கூடிப் பேசியபோது, அந்தப் படையிலிருந்த எழுத்தாளர் செனபோன் தப்பிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ தும்ம, மொத்தப் படையும் ஒரே மூச்சில் கடவுளை வணங்கியது. அவரே அதை எழுதியிருக்கிறார். ஹோமரின் ஒடிசியில் டெலமாக்கஸ் வீடே அதிரத் தும்முகிறான், தாய் பெனிலோப்பி சிரித்துக்கொண்டே 'நான் சொன்னது பலிக்கப்போகிறது' என்கிறாள். இதையெல்லாம் பார்த்த பிறகு கொள்ளைநோய்க் கதை எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது பாருங்கள்.

'காலை உடைத்துக்கொள்' என்பதில் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. 1865 ஏப்ரல் 14 அன்று லிங்கனைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் ஒரு நடிகன், மேடையில் குதித்தபோது அவன் கால் முறிந்தது, அதிலிருந்து வந்தது என்பது கதை. ஆனால் இந்த மாதிரி வாழ்த்து எழுத்தில் தென்படுவது 1921இல்தான். ராபர்ட் லிண்ட் என்ற ஐரிஷ் கட்டுரையாளர் எழுதுகிறார், அதுவும் நாடகத்தைப் பற்றி அல்ல, குதிரைப் பந்தயத்தைப் பற்றி: அங்கே நல்லதாக வாழ்த்துவது ஆகாது, கால் உடையட்டும் என்பதுபோல ஏதாவது திட்ட வேண்டும் என்கிறார். நாடகக்காரர்களின் வாயில் அது பதிவாவது 1930களின் கடைசியிலும் 1940களிலும். ஒரு கொலை நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவரும் எழுதாமல் இருந்துவிட்டு, பிறகு முதலில் குதிரைக்காரர்கள் பக்கம் தலைகாட்டியதென்றால் பூத்துக்கு அதில் பங்கு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஜெர்மனில் இதே மாதிரி 'கழுத்தும் காலும் முறியட்டும்' என்ற வாழ்த்து உண்டு, முதல் உலகப்போர் விமானிகள் அதைச் சொல்லிக்கொண்டதை அவர்களில் ஒருவரான ரிக்ட்ஹோஃபன் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் திசைதான் எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் முதலில் வந்த ஆண்டு பிறந்த ஆண்டு ஆகாது. பிள்ளைகளும் வேடர்களும் மாலுமிகளும் பேசிக்கொண்டதை எழுதி வைக்க அந்தக் காலத்தில் ஆளில்லை, அதனால் இருபது முப்பது ஆண்டு முன்பின் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் இடைவெளி ஆயிரம் ஆண்டு என்றால், அந்த மௌனத்துக்குக் கதை சொல்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

தேதியை எங்கே தேடுவது

தேதியிட்ட மேற்கோள்களோடு வரும் அகராதிகள்தான் முதல் நிறுத்தம். 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துச் சான்றை ஆண்டு வரிசையில் தருகிறது. அயோனா ஓபியும் மொய்ரா டேட்டமும் 1989இல் தொகுத்த மூடநம்பிக்கைகள் அகராதி இதே வேலையைச் சகுனங்களுக்கும் சைகைகளுக்கும் செய்கிறது. அப்புறம் நூலகங்கள் வழியாகக் கிடைக்கும் பழைய செய்தித்தாள் காப்பகங்கள். நாட்டார் வழக்காறு என்ற துறைக்கு ஆங்கிலத்தில் 1846இல் பெயர் வைத்த வில்லியம் தாம்ஸ், 1849இல் ஓர் இதழையும் தொடங்கினார். வாசகர்கள் கேள்வி கேட்பார்கள், மற்ற வாசகர்கள் தங்களுக்குத் தெரிந்ததை எழுதுவார்கள். அதன் பழைய தொகுதிகள் ஒரு புதையல், ஒரு மாலைப் பொழுது முழுவதும் அதிலேயே போய்விடும்.

மின்னுருவாக்கிய புத்தகங்களில் தேடும்போது ஒரு பொறியில் விழாதீர்கள். ஒரு பருவ இதழின் எல்லாத் தொகுதிகளுக்கும் முதல் தொகுதியின் ஆண்டையே போட்டுவைத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. 1850 என்று காட்டும், திறந்து பார்த்தால் 1920 இதழாக இருக்கும். பக்கத்தின் படத்தைத் திறந்து, தலைப்பில் அச்சாகியிருக்கும் தேதியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் குறித்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பட வேண்டிய கதைகள்

ஒரே ஆளின் பெயர், ஒரே நாளின் சம்பவம், ஒடுக்கப்பட்டவர்களின் ரகசியக் குறி, கொள்ளைநோய், 'பண்டைய' என்ற சொல் மட்டும் இருந்து நாடோ நூற்றாண்டோ இல்லாதது. இவற்றில் ஒன்று இருந்தாலே நிமிர்ந்து உட்காருங்கள். ஒரே பழக்கத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு கதைகள் சுற்றினால், பெரும்பாலும் நான்குமே பிற்காலத்தில் ஊகித்தவை.

விரல் பின்னுவதற்கு மறுபடி வருவோம். ரோமில் துன்புறுத்தப்பட்ட ஆதி கிறிஸ்தவர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் காணச் சிலுவை மாதிரி விரலைப் பின்னினார்கள் என்கிறார்கள். அந்தக் காலத்து எழுத்து எதுவும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இதே அதிர்ஷ்ட வேலையைச் செய்கிற இன்னொரு விரல் சைகைக்கு நிஜமான ரோமச் சான்று இருக்கிறது, அதை ஏனோ யாரும் பேசுவதில்லை. ஜெர்மனியிலும் போலந்திலும் சுவீடனிலும் ஒருவருக்கு நல்லது நடக்க வேண்டுமென்றால் விரலைப் பின்ன மாட்டார்கள், கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் வைத்து மூடிக்கொள்வார்கள், 'உனக்காகக் கட்டைவிரலை அழுத்துகிறேன்' என்பார்கள். தும்மலைப் பற்றி எழுதிய அதே பிளினி, ஒருவருக்கு ஆதரவு காட்டும்போது கட்டைவிரலை அழுத்தச் சொல்லிப் பழமொழியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்! அன்றைய பழக்கம் அறுபடாமல் இன்றைய ஜெர்மனி வரை வந்தது என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் 1900 ஆண்டு இடைவெளியில் ஒரே விரல், ஒரே செயல், ஒரே பொருள். சான்றே இல்லாத ரகசியச் சிலுவைக் கதையை விட்டுவிட்டு இதையல்லவா நாம் பகிர வேண்டும்.

கட்டைவிரல் பற்றிப் பேசும்போது இன்னொன்று. அரங்கில் தோற்ற வீரனைக் கொல்லக் கட்டைவிரலைக் கீழே காட்டினார்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் 1872இல் ழான்-லியோன் ஜெரோம் தீட்டிய ஓவியத்தால் பரவியது. ரோமர்கள் எழுதி வைத்திருப்பது 'திருப்பிய கட்டைவிரல்' என்று மட்டும்தான், எந்தப் பக்கம் என்று இல்லை.

மரத்தைத் தட்டுவது

இதற்குத்தான் மிக அழகான கதைகள் இருக்கின்றன: மரத்துக்குள் வாழும் தேவதையை எழுப்பி உதவி கேட்பது, அல்லது நாம் பீற்றிக்கொண்டது அதன் காதில் விழாமல் சத்தம் எழுப்புவது, அல்லது சிலுவை மரத்தைத் தொடுவது. மூன்றுமே ஒன்றோடொன்று ஒத்துப்போகாததைக் கவனியுங்கள். பிரிட்டனின் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் ஸ்டீவ் ரௌட் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு வேறொரு திசையைக் காட்டுகிறார். 19ஆம் நூற்றாண்டில் அங்கே பிள்ளைகளிடம் 'டிக்கி டச்வுட்' என்றொரு ஓடிப்பிடிக்கும் விளையாட்டு இருந்தது, மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை பிடிக்கிறவர் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. தொட்டால் பாதுகாப்பு என்ற அந்த விதி பெரியவர்களின் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்கிறார். தேவதைகளுக்கு அந்த மாதிரித் தேதி எதுவும் இல்லை. எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் பெரியவர்களிடமிருந்துதான் பிள்ளைகளுக்கு எல்லாம் போகும் என்று நாம் பழகிப்போயிருக்கிறோம்.

இப்போது அக்கம்பக்கத்து நாடுகளைப் பாருங்கள், இது எந்தச் சைகைக்கும் செய்ய வேண்டிய வேலை. ஸ்பெயினில் மரத்தைத் தொடுவார்கள், இத்தாலியில் இரும்பைத் தொடுவார்கள். போலந்தில் வண்ணம் பூசாத மரமாக இருக்க வேண்டும். ரஷ்யாவில் மரத்தைத் தட்டுவதோடு இடது தோளுக்கு மேல் மூன்று முறை துப்புவதுபோலச் செய்வார்கள், ஜெர்மனியில் 'தோய் தோய் தோய்' என்று சொல்லித் தட்டுவார்கள், அதுவும் துப்புகிற ஓசைதான் என்பது பரவலான விளக்கம். தொடுகிற சாமான் மாறுகிறது, தொடும் நேரம் மாறவில்லை: 'இதுவரை நன்றாகப் போகிறது' என்று வாய் தவறிச் சொன்ன அடுத்த நொடி. ஆகவே இந்தச் சைகையின் பொருள் மரத்தில் இல்லை, அந்த நொடியில் இருக்கிறது.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேன் ரைசனும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. விதியைச் சீண்டுவது மாதிரி ஏதாவது பேசவைத்துவிட்டு, சிலரை மேசையை மேலிருந்து கீழே, அதாவது தங்களை விட்டு விலகும் திசையில் தட்டச் சொன்னார்கள், சிலரை அடியிலிருந்து தங்களை நோக்கித் தட்டச் சொன்னார்கள். விலக்கித் தட்டியவர்களுக்குத்தான் கெட்டது நடந்துவிடும் என்ற எண்ணம் குறைந்தது. பந்தை எறிந்தபோதும் அப்படியே. துப்புவது, உப்பை எறிவது, தட்டுவது எல்லாமே உடம்பிலிருந்து ஒன்றை வெளியே தள்ளுகிற அசைவுகள் என்பது இதற்குப் பிறகு கண்ணில் படாமல் போகாது.

யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள்

கெட்டதைச் சொல்லி வாழ்த்துகிற சொற்களைக் கூட்டி வைத்தால் ஒரு விஷயம் தானாகத் தெரியும். பிரெஞ்சு நாடகக்காரர்களும் நடனக்காரர்களும் 'மலம்' என்று வாழ்த்துவார்கள் (வாசலில் குதிரை வண்டிகள் நிறைந்தால் சாணி குவியும், அதாவது கூட்டம் வந்திருக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்). ரஷ்ய வாழ்த்து வேடர்களுடையது: தூவியும் இறகும் கிடைக்காமல் போகட்டும் என்று சொன்னால்தான் நிறையக் கிடைக்கும். மேடை, வேட்டை, குதிரைப் பந்தயம், போர் விமானம். எல்லாமே எவ்வளவு திறமை இருந்தாலும் முடிவு கையில் இல்லாத தொழில்கள். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப்போர்க் காலத்தில் டிரோப்ரியாண்ட் தீவுகளில் இதையே கவனித்தார். அமைதியான கடற்கழியில் மீன் பிடிக்கும்போது மந்திரச் சடங்கு இல்லை, ஆபத்தான திறந்த கடலுக்குப் போகும்போது விரிவான சடங்கு உண்டு. ஒரு சொல்லின் பூர்வீகம் எவ்வளவு தேடியும் பிடிபடாவிட்டாலும், அதை எந்தத் தொழில்காரர்கள் எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்று பார்த்தால் பொருள் பிடிபட்டுவிடும்.

பொருள் இடம் மாறினால் திரும்பிவிடும்

இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தேவைப்படும். விரல் பின்னுவது வியட்நாமில் ஆபாசச் சைகை, யாருக்கும் நல்லது நினைத்துக்கூட அங்கே காட்டாதீர்கள். ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே கட்டைவிரலை நீட்டுவது பிரேசிலில் தாயத்தாகவே கழுத்தில் தொங்கும், துருக்கியிலும் ரஷ்யாவிலும் அது 'ஒன்றும் கிடைக்காது போ' என்கிற அவமதிப்பு. ரோமக் கவிஞர் ஓவிட், இறந்தவர்களின் ஆவிகளைத் துரத்த வீட்டுத் தலைவர் நள்ளிரவில் விரல்களுக்கு நடுவே கட்டைவிரலைச் சேர்த்துக் காட்டுவதை விவரித்திருக்கிறார், ஆக காப்புப் பொருள் மிகப் பழையது. இத்தாலியில் ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்பு மாதிரி தரையை நோக்கிக் காட்டினால் கெட்டது விலகும், அதையே ஒருவரைப் பார்த்து மேலே தூக்கினால் அவர் மனைவி துரோகம் செய்கிறாள் என்று பொருள். இதே கொம்பை 1979இல் பிளாக் சப்பாத் குழுவில் சேர்ந்த ரானி ஜேம்ஸ் டியோ மேடையில் காட்டத் தொடங்கி உலகம் முழுக்க ராக் ரசிகர்களின் அடையாளமாக்கிவிட்டார். இத்தாலியப் பாட்டியிடம் பார்த்தது என்று அவரே சொன்னார். பாட்டி கெட்டதை விரட்டக் காட்டிய கை, ஒரே தலைமுறை தாண்டியதும் கொண்டாட்டமாகிவிட்டது.

அதிர்ஷ்டத்துக்காக வாசலில் மாட்டுகிற குதிரை லாடமும் இப்படித்தான். கேன்டர்பரி பேராயர் டன்ஸ்டன், 988இல் இறந்தவர், பிசாசின் காலில் லாடம் அடித்தார் என்ற கதையைத்தான் எங்கும் பார்ப்பீர்கள். ஆனால் 1584இல் ரெஜினால்ட் ஸ்காட் என்ற ஆங்கிலேயர் எழுதியதைப் பார்த்தால், வாசற்படியில் லாடம் அறைவது சூனியக்காரிகள் உள்ளே வராமலிருக்க. அதிர்ஷ்டத்தை அழைப்பது பிறகு வந்த பொருள். முனை மேலே இருக்க வேண்டுமா கீழேயா என்ற சண்டையில் இறங்காதீர்கள், இரண்டு வழக்கமும் இருந்திருக்கின்றன.

பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு

2010இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று, 'இது அதிர்ஷ்டப் பந்து' என்று சொல்லிக் கொடுத்தால் கோல்ஃப் பந்தைக் குழியில் போடுவது மேம்படுகிறது, 'உனக்காகக் கட்டைவிரலை அழுத்துகிறேன்' என்றாலும் கைத்திறன் மேம்படுகிறது என்றது. இன்றும் அதை எடுத்து எழுதுகிறார்கள். 2014இல் கோல்ஃப் சோதனையை அதிக ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தபோது வித்தியாசம் எதுவும் வரவில்லை. முதலாவதைச் சொன்னால் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்ததை எப்படி எழுதி வைப்பது

எழுத்தில் இருப்பதையும் ஊகத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். '1584இல் எழுதியிருக்கிறார்' என்பது ஒரு வகை, 'ரௌட் இப்படிக் கருதுகிறார்' என்பது வேறு வகை, 'என்று சொல்வார்கள்' என்பது மூன்றாம் வகை. இந்த மூன்றையும் பிரித்து எழுதினாலே உங்கள் குறிப்பு இணையத்தில் கிடக்கும் பெரும்பாலான பட்டியல்களைவிட மேலானதாகிவிடும்.

அப்புறம், கண் முன்னால் நடப்பதையும் பதிவு செய்யுங்கள். மாதத்தின் முதல் நாள் காலையில் வாயிலிருந்து வரும் முதல் சொல் 'முயல்கள்' என்று இருந்தால் அந்த மாதம் நல்லது என்ற ஆங்கிலப் பழக்கத்துக்கு முக்கியமான ஆரம்பச் சான்று, 1909இல் தாம்ஸ் தொடங்கிய அந்த இதழுக்கு யாரோ ஒருவர் எழுதிப் போட்ட சில வரிகள்தான். என் இரண்டு மகள்களும் இப்படிச் சொல்கிறார்கள், சத்தமாகச் சொல்ல வேண்டுமாம், மற்ற பிள்ளைகளும் சொல்கிறார்களாம், அவ்வளவுதான் கடிதம். அதே மாதிரி நீங்களும் எழுதுங்கள்: தேதி, ஊர், செய்தவரின் வயது, அப்படியே சொன்ன சொல், யாரிடமிருந்து கற்றார் என்று அவர் சொன்னது. உங்கள் விளக்கத்தை அதில் கலக்காமல் அடியில் தனியாக எழுதி வையுங்கள்.